கூந்தலை அவிழ்க்கும் முன்

"நான் சாகப்போறேன் சாமி."

"எப்போ?"

"இப்போதான். இந்தா, இப்போதான்."

மடத்துக் குரு முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த அரிசியை முடிக்கிற வரைக்கும் இருப்பீங்களா அக்கா?"

வந்தவள் மடத்துச் சுவரில் சாய்ந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. மேலுதட்டில் வேர்வை. இடது மணிக்கட்டை வலது கையின் மூன்று விரல்கள் அழுத்திக்கொண்டிருந்தன.

அரிசி முடிந்தது.

வந்தவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"உட்காருங்க," என்றாள் குரு.

*

அவள் பெயர் சிலம்பாயி. நாற்பத்தெட்டு வயது. சுற்றுப்பட்டு எட்டு ஊரில் எங்கே சாவு விழுந்தாலும் அவளுக்குத்தான் ஆள் வரும். அவள் ஒப்பாரி எடுத்தால் அழாதவர்களும் அழுவார்கள்.

குருவுக்கு அவளைவிடப் பதினைந்து வயது குறைவு. அதனால்தான் அக்கா.

வாசலில் வைத்தியர் நின்றிருந்தார். அவர்தான் அவளை அழைத்து வந்தவர்.

"மடத்தம்மா, இந்தப் பொம்பளைக்கு நாடி பார்த்துப் பார்த்து என் விரலே தேஞ்சுபோச்சு. நாடி குதிரை மாதிரி இருக்கு. நெஞ்சுல ஒரு குத்தமும் இல்லை. சொன்னா கேக்கறதில்லை. என் வீட்டுச் சுவரோரமா பாயைப் போட்டுப் படுத்துக்கிடக்குது. என் சம்சாரம் நாலு நாளா என்கிட்ட பேசறதில்லை."

"நான் செத்தா உங்க வாசல்லதான் சாவேன்னு சொன்னேன். அது ஒரு குத்தமா வைத்தியரய்யா?" என்றாள் சிலம்பாயி.

"பார்த்தீங்களா?" என்றார் வைத்தியர் குருவிடம்.

அவர் கிளம்பினார். அவர் முதுகு தெருமுனையில் மறைகிறவரை சிலம்பாயி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய மூன்று விரலும் மணிக்கட்டில் இன்னும் ஆழமாகப் பதிந்தன.

*

ஏழு மாதத்துக்கு முன் ஒரு சாவு வீடு. இறந்தவளுக்கும் சிலம்பாயி வயதுதான். கிணற்றடியில் குடத்தை இறக்கி வைத்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

சிலம்பாயி பாடிக்கொண்டிருந்தாள். பாதிப் பாட்டில் நெஞ்சு எகிறியது. விரல் மரத்தது. தொண்டை அடைத்தது. கீழே விழுந்தாள். துக்கம் தாங்காமல் விழுந்தாள் என்று பெண்கள் நினைத்தார்கள்.

அப்புறம் சந்தையில் வந்தது. அப்புறம் குளத்துப் படியில்.

சாவு வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். சந்தையை நிறுத்தினாள். குளத்தை நிறுத்தினாள். கூப்பிட்டால் வைத்தியர் காதில் விழுகிற தூரத்துக்கு அப்பால் இப்போது அவளால் போக முடியாது.

"சரி. போக வேண்டாம்," என்றாள் குரு. "ஒரு தெருவுக்குள்ளயே வாழ்ந்துட்டுப் போனவங்க எத்தனையோ பேர்."

"எம்மக வள்ளிமயில் பொட்டலுக்கு அந்தப் பக்கம் இருக்கா சாமி."

குரு கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"தலைச்சன் பிள்ளை. ஒன்பதாம் மாசம் பொறந்து ஆறு நாளாச்சு. பெத்தவ போய்க் கையைப் பிடிச்சுப் படியிறக்கிக் கூட்டியாரணும். அது எங்க வழக்கம். நான் போகாட்டி அவ அங்கேயே பெத்துக்கணும். அந்த ஊருக்கு ஒரே ஒரு மருத்துவச்சி. அவளுக்கும் ஒரு கண்ணு தெரியாது."

"போகலையா?"

"மூணு தடவை கிளம்பினேன். மூணு தடவையும் எல்லைக்கல்லோட திரும்பிட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு நாழிகை நடந்தாலும் ஒரு மரம் கிடையாது, மனுசர் கிடையாது. அங்க விழுந்தா யார் என்னைப் பார்ப்பா?"

"சம்பந்தி வீட்ல என்ன சொல்றாங்க?"

"பெத்தவளுக்கே வேண்டாம்னா எங்களுக்கென்னன்னு சொல்றாங்களாம்."

*

"நெஞ்சு அடிக்கும்போது உள்ளே என்ன கேக்குது?" என்றாள் குரு.

"அடிக்கிறதுதான் கேக்குது."

"அது நெஞ்சு. அதுக்கும் உள்ளே."

"ஒண்ணும் கேக்கலை."

"சரி. வரட்டும்."

குரு இன்னொரு முறத்தில் துவரையைக் கொட்டி அவள் முன்னால் வைத்தாள். சிலம்பாயி ஒரு கையால் முறத்தைத் தூக்கிப் பார்த்தாள். மணிக்கட்டை விட மனமில்லை. முறம் சாய்ந்து துவரை தரையெல்லாம் சிதறியது.

"ஒத்தைக் கையால முறம் பிடிக்கிற பொம்பளையை இப்பதான் பார்க்கிறேன்," என்றாள் குரு.

சிலம்பாயிக்குக் கோபம் வந்தது. கோபத்தில் விரல்களை எடுத்தாள். இரண்டு கையாலும் துவரையை வாரினாள்.

நாலு வாரு வாரியிருப்பாள்.

"சாமி, வருது."

"என்ன கேக்குது?"

"போகுது சாமி, உசிரு போகுது. வைத்தியரைக் கூப்பிடுங்க."

"கூப்பிடலை. என்ன கேக்குது?"

சிலம்பாயியின் உதடு அசைந்தது. முதலில் சத்தம் வரவில்லை. பிறகு அவள் கண் பெரிதானது, தனக்குள் யாரையோ கண்டுபிடித்துவிட்டதுபோல.

"பாட்டு," என்றாள்.

"பாடுங்க."

அவள் பாடினாள். மூச்சு வாங்க வாங்கப் பாடினாள்.

*கட்டாந் தரையினிலே கால்நீட்டிப் படுத்தவளே*
*பெத்த மக வருமுன்னே பேச்சடங்கிப் போனவளே*
*எட்டூரு வாசலிலும் எடுத்தாயே ஒப்பாரி*
*சிலம்பாயி உனக்கெடுக்கச் சீமையிலே ஆளில்லையே*

பாடி முடித்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நல்லா இருக்கு," என்றாள் குரு.

"நல்லாத்தான் இருக்கும்," என்றாள் சிலம்பாயி முந்தானைக்குள்ளிருந்து. "இருபத்தஞ்சு வருசமாப் பாடறேன்."

"எத்தனை நாளா இந்தப் பாட்டு?"

"ஏழு மாசமா. நெஞ்சு அடிச்சா இது தன்னால ஓடும். ஓட ஓட இன்னும் அடிக்கும்."

குரு சிதறிக் கிடந்த துவரையில் ஒன்றை எடுத்து முறத்தில் போட்டாள்.

"சாவு வீட்டுக்குப் போறீங்க. போன உடனே பாட ஆரம்பிச்சிருவீங்களா?"

சிலம்பாயி முந்தானையை விலக்கினாள்.

"அதெப்படி? கேக்காமப் பாடறதா?"

"என்ன கேப்பீங்க?"

"வாசப்படியில நின்னு மூணு கேக்கணும். யார் போனது? கடைசியா என்ன சாப்பிட்டாங்க? மூச்சு எப்படி அடங்குச்சு? மூணுக்கும் வீட்டுக்காரங்க பதில் சொல்லணும். அப்புறம்தான் கூந்தலை அவிழ்ப்பேன். பதிலை வச்சுத்தான் பாட்டைக் கட்டுவேன். பொய்யா ஒரு வரி பாடினாலும் செத்தவங்களுக்குச் செய்யற துரோகம் சாமி."

"இந்தப் பாட்டுக்கு யார்கிட்ட கேட்டீங்க?"

குரு எழுந்து உலை வைக்க உள்ளே போனாள்.

*

மறுநாள் காலையில் சிலம்பாயி வந்தாள். நடை வேகமாக இருந்தது. முகம் கடுகடுவென்று இருந்தது.

"நேத்து வந்துச்சு. கேட்டேன். நெஞ்சு அடங்கலை."

"அடங்கும்னு நான் சொன்னேனா?"

"சொல்லலை."

"என்ன பதில் வந்துச்சு?"

"யார் போனதுன்னு கேட்டேன். யாரும் போகலை. கடைசியா என்ன சாப்பிட்டேன்னு கேட்டேன். கம்பங்கூழ், ஒரு வெங்காயம். மூச்சு எப்படி அடங்குச்சுன்னு கேட்டேன். அடங்கலை, ஓடிக்கிட்டிருக்கு."

"பாட்டு?"

"எடுக்க வரலை. எதை வச்சு எடுக்கறது?"

"நெஞ்சு?"

"அடிச்சுது." கொஞ்சம் யோசித்தாள். "சும்மா அடிச்சுது."

குரு தலையை ஆட்டினாள். துவரை முறத்தை நகர்த்தி வைத்தாள்.

*

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நேத்து கேக்க மறந்துட்டேன். பாட்டு முழுசா ஓடி முடிஞ்சுபோச்சு. புதுசா ரெண்டு வரி வேற சேர்ந்துக்கிச்சு."

"முடிஞ்சப்புறம் கேட்டிருக்கலாமே."

"செத்தப்புறம் என்னத்தைக் கேக்கறது?"

"செத்தீங்களா?"

சிலம்பாயிக்குச் சிரிப்பு வந்தது. அது அவளுக்கே பிடிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இன்னைக்குக் காலையில கேட்டேன் சாமி. ஆனா பதில் வேற மாதிரி வருது. யார் போனது? சிலம்பாயி இன்னும் போகலை, ஆனா போயிடுவான்னு வருது. இதுக்கு நான் என்ன பண்றது?"

"சாவு வீட்ல அப்படிச் சொன்னா என்ன பண்ணுவீங்க? இன்னும் போகலை, போயிடுவாங்க, நீங்க ஆரம்பிங்கன்னு சொன்னா?"

சிலம்பாயியின் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச ரத்தமும் வடிந்தது.

துவரையை அளைந்துகொண்டே இருந்தாள்.

"ஒரு தடவை பாடினேன்," என்றாள்.

*

இருபது வருடத்துக்கு முன்பு. கீழக்காட்டில் அங்கம்மா என்று ஒருத்தி. முப்பது வயதிருக்கும். காய்ச்சலில் கிடந்தாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. அன்று இன்னொரு ஊரிலும் சாவு. அங்கேயும் போக வேண்டும். முடிஞ்சுது, முடிஞ்சுது என்று வாசலில் யாரோ சொன்னார்கள். சிலம்பாயி வாசப்படியில் நிற்கவில்லை. நேரே உள்ளே போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து கூந்தலை அவிழ்த்தாள்.

"பாதிப் பாட்டுல பார்த்தேன் சாமி. அவ கண்ணோரத்துல தண்ணி. காது வரைக்கும் ஓடுச்சு."

"நிறுத்தினீங்களா?"

சிலம்பாயி தலையை ஆட்டினாள். இல்லை.

"ஏன்?"

"எல்லாரும் அழுதுகிட்டிருந்தாங்க. பாட்டு நல்லா வந்துக்கிட்டிருந்துச்சு."

மடத்துக்கு வெளியே ஒரு ஆடு கத்தியது. யாரோ அதை விரட்டினார்கள்.

"பொழுது சாயறதுக்குள்ள போயிட்டா. எப்படியும் போயிருப்பான்னு வைத்தியர் சொன்னார். யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கலை. அன்னையிலேருந்து வாசப்படியில நின்னு கேக்காம நான் ஒரு வீட்லயும் நுழைஞ்சதில்லை."

"அசைய முடியாமப் படுத்துக்கிட்டு, தனக்கெடுக்கற பாட்டைத் தானே கேட்டா எப்படி இருக்கும் அக்கா?"

சிலம்பாயியின் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

அங்கேயே நின்றது.

குரு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள்.

*

அதற்குப் பிறகு சிலம்பாயி வைத்தியர் வீட்டுச் சுவரோரத்திலிருந்து பாயை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வைத்தியர் சம்சாரம் அவளுக்கு ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தனுப்பினாள்.

குளத்துக்குப் போனாள். ஒரு நாள் படியில் இறங்கினாள், ஒரு நாள் பாதியில் திரும்பினாள். சந்தைக்குப் போய்ப் பூண்டு வாங்கினாள். வாங்கின பூண்டை அங்கேயே மறந்துவிட்டு ஓடிவந்தாள்.

நெஞ்சு அடிக்காத நாள் என்று ஒன்று இல்லை. ஆனால் பாட்டு வாசப்படியில் நின்றது. சில நாள் வெகுநேரம் நின்று கதவைத் தட்டியது. சில நாள் வந்ததே தெரியாமல் போனது.

எல்லைக்கல் வரைக்கும் போய் ஒரு நாள் அதைத் தொட்டுவிட்டு வந்தாள்.

"தாண்டலையா?" என்றாள் குரு.

"நாளைக்கு."

மறுநாளும் நாளைக்கு என்றுதான் சொன்னாள்.

*

மூன்றாம் நாள் முற்பகலில் வளையல்காரர் ஒருவர் பொட்டலைத் தாண்டி ஊருக்குள் வந்தார். சிலம்பாயி வீட்டு முன்னால் பெட்டியை இறக்கினார்.

"ஏம்மா, நீ வள்ளிமயிலுக்கு அம்மாதானே? அங்க விடியறப்பவே வலி கண்டிருச்சாம். ரொம்பக் கஷ்டப்படுதாம். வழியில சொல்லிட்டுப் போகச் சொன்னாங்க."

சிலம்பாயி மடத்துக்கு ஓடினாள்.

"சாமி, கூட வாங்க."

"வரமாட்டேன்."

"எல்லைக்கல் வரைக்குமாவது."

"வரமாட்டேன் அக்கா."

"வைத்தியரும் ஊர்ல இல்லை. நடுப்பொட்டல்ல நான் செத்துட்டா?"

"சாகலாம்," என்றாள் குரு. "பாம்பு இருக்கு. வெயில் இருக்கு."

"நெஞ்சு?"

"அதை நீங்கதான் சொல்லணும். மூச்சு எப்படி அடங்குச்சுன்னு இருபத்தஞ்சு வருசமா வாசல் வாசலாக் கேட்டவங்க நீங்க. இப்படி மாசக் கணக்கா நெஞ்சு அடிச்சு அடிச்சே போனவங்கன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

சிலம்பாயி நின்ற இடத்திலேயே கண்ணை மூடினாள். முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. காய்ச்சல். பிரசவம். மாடு முட்டினது. காமாலை. பட்டினி. கிணறு. பாம்பு. மறுபடி பிரசவம்.

"குப்பாண்டின்னு ஒருத்தர்," என்றாள். "நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தார்."

"எத்தனை தடவை?"

"ஒரே தடவைதான். முந்தின நாள் வரைக்கும் ஏர் ஓட்டினார்."

"உங்களுக்கு எத்தனை தடவை வந்திருக்கு?"

சிலம்பாயி விரலை மடக்கிப் பார்த்தாள். விரல் போதவில்லை.

"வெயில் ஏறுது," என்றாள் குரு.

*

எல்லைக்கல்லைத் தாண்டும்போது கால் கூசியது. தாண்டினாள்.

பொட்டல் வெள்ளையாகக் கிடந்தது. ஒரு மரம் இல்லை. ஒரு குரல் இல்லை. திரும்பிப் பார்த்தால் ஊர் சின்னதாகத் தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை.

நடுப்பொட்டலில் வந்தது. இதுவரை வந்ததெல்லாம் இதற்கு ஒத்திகை என்பதுபோல வந்தது. நெஞ்சு விலாவை உடைத்தது. விரல் மரத்தது, உதடு மரத்தது. தரை சாய்ந்தது. கட்டாந் தரையினிலே, என்று பாட்டு தொடங்கியது. காலடியில் உண்மையாகவே கட்டாந்தரை.

சிலம்பாயி நின்றாள். வாய்விட்டுக் கேட்டாள். கேட்க அங்கே யாரும் இல்லாததால் சத்தமாகவே கேட்டாள்.

"யார் போனது?"

யாரும் போகலை.

"கடைசியா என்ன சாப்பிட்டா?"

ஒண்ணும் இல்லை. காலையில சாப்பிடலை. வளையல்காரர் வந்துட்டார்.

"மூச்சு எப்படி அடங்குச்சு?"

அடங்கலை. நாய்க்கு இளைக்கற மாதிரி இளைக்குது.

காத்திருந்தாள். பாட்டின் அடுத்த வரி வரவில்லை.

நெஞ்சு அடித்தது. அவள் நடந்தாள். அதுவும் அவளோடு நடந்தது.

*

மகள் வீட்டுத் தெருவுக்குள் நுழையும்போதே கேட்டது.

ஒப்பாரி.

இருபத்தைந்து வருடப் பழக்கம். சிலம்பாயியின் கை தானாகக் கொண்டைக்குப் போனது. கால் வேகம் எடுத்தது.

வாசலில் பெண்கள் தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சம்பந்தியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு பாடினாள்.

*வாழ வந்த வீட்டினிலே வாயடைச்சுப் போனவளே*

சிலம்பாயி வாசப்படியில் நின்றாள். ஒரு காலை உள்ளே வைத்தால் போதும், அலறிவிடுவாள். கொண்டையில் வைத்த கை அங்கேயே நின்றது.

"யார் போனது?" என்றாள்.

பாட்டு நிற்கவில்லை.

"யார் போனது?"

ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். "புள்ளை போயிருச்சுக்கா. ஆம்பளைப் புள்ளை. பொறக்கும்போதே..."

"எம் புள்ளை பெத்த புள்ளையா? எம் புள்ளையுமா?"

அந்தப் பெண் சம்பந்தியம்மாளைப் பார்த்தாள். சம்பந்தியம்மாள் பாட்டை நிறுத்தினாள்.

"ரெண்டும்தான். ஒண்ணு போயிருச்சு. ஒண்ணு போய்க்கிட்டிருக்கு. இப்ப வந்து வாசல்ல நின்னு கேள்வி கேக்கறியா? ஒன்பதாம் மாசம் எங்க போயிருந்தே?"

அதற்குச் சிலம்பாயியிடம் பதில் இல்லை. வாழ்நாள் முழுக்க இருக்கப்போவதில்லை.

"போய்க்கிட்டிருக்கறவங்களுக்குப் பாடக் கூடாது சம்பந்தி," என்றாள். "வாயை மூடுங்க. எல்லாரும் மூடுங்க."

எட்டு ஊரையும் அழவைத்த குரல் அது. தெருவே அடங்கியது.

அவள் கொண்டையிலிருந்து கையை எடுத்தாள். உள்ளே போனாள்.

*

அறையில் புகையும் வேப்பிலை வாடையும் இருந்தன. மூலையில் ஒரு முறத்தில் துணி சுற்றிய சின்ன மூட்டை. சிலம்பாயி அதைப் பார்த்தாள். பார்க்காமல் போக முடியவில்லை.

மருத்துவச்சி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். தெரிகிற கண்ணால் சிலம்பாயியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரத்தம் நின்னு ரொம்ப நேரமாச்சு. நச்சுக்கொடி முழுசா வந்துருச்சு. காய்ச்சல் இல்லை. ஆனா கை இப்படிக் கிடக்குது பாரு. நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தா. வெளியில புள்ளைக்கு எடுத்த பாட்டுச் சத்தம் கேட்டதிலேருந்துதான் இப்படி. இதைப் பார்த்துட்டு இவளுக்கும் எடுத்துட்டாங்க."

வள்ளிமயில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. விரல்கள் வளைந்து விறைத்திருந்தன. மூச்சு மேலே மேலே ஏறியது, இறங்கவில்லை. கண்ணோரத்திலிருந்து ஒரு கோடு காது வரைக்கும் ஈரமாக இருந்தது.

சிலம்பாயி அந்தக் கோட்டைப் பார்த்தாள்.

உட்கார்ந்தாள். மகளின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா."

"வந்துட்டேன் தாயி."

"புள்ளை?"

"போயிருச்சு."

"நானும் போகப்போறேன்மா. நெஞ்சு அடிக்குது. கை மரத்துப்போச்சு. எனக்கும் பாடிட்டாங்க. நான் கேட்டேன்."

"கேக்காமப் பாடிட்டாங்க."

வள்ளிமயிலின் கன்னம் தாயின் மார்பில் பட்டது. அவள் காதை அங்கேயே வைத்துக் கேட்டாள்.

"உனக்கும் அடிக்குதேம்மா. என்னைவிட வேகமா அடிக்குது."

"ஆமா. பொட்டல் பூரா அடிச்சுது."

"செத்துப்போயிருவியா?"

"இன்னைக்கு நேரமில்லை."

வள்ளிமயில் தாயின் முகத்தைப் பார்த்தாள். வெளியே ஒருத்தி விசும்பினாள். இன்னொருத்தி அவளை அதட்டினாள்.

"நான் கேக்கறேன், நீ சொல்லு," என்றாள் சிலம்பாயி. "மறைக்காமச் சொல்லு. யார் போனது?"

மகளின் வாய் கோணியது.

"எம் புள்ளை."

"வேற யாரு?"

வள்ளிமயில் அறையைச் சுற்றிப் பார்த்தாள். மருத்துவச்சியைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள்.

"வேற யாரும் இல்லை."

"கடைசியா என்ன சாப்பிட்டே?"

"விடியறப்போ கஞ்சி. ரெண்டு வாய்."

சிலம்பாயி மகளின் விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட்டாள். அவளுடைய மணிக்கட்டை மட்டும் தொடவில்லை.

"மூச்சு எப்படி அடங்குச்சு?"

வள்ளிமயில் பதில் சொல்வதற்காக மூச்சை இழுத்தாள்.